குழந்தைக்குத் துணி மாற்ற வீட்டில் ஓர் இடம்

பிரசவம் முடிந்து தாயும் சேயும் வீடு திரும்பும் நாளில், தூளியும் தொட்டிலும் பெரும்பாலான வீடுகளில் முன்னதாகவே தயாராகிவிடுகின்றன. குழந்தை எங்கே உறங்கும் என்று எண்ணிப் பார்க்கும் குடும்பத்தினர், அதன் ஈரத்துணியை எங்கே மாற்றுவது என்று எண்ணிப் பார்ப்பது குறைவு. ஆனால் பச்சிளங்குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை துணியோ டயப்பரோ மாற்ற நேரிடும். முதல் மாதத்தில் மட்டும் இது ஏறத்தாழ 300 முறையாகிறது. இவ்வளவு முறை செய்யும் ஒரு வேலையைக் கட்டிலில் ஒரு முறை, மடியில் ஒரு முறை, வாசல் திண்ணையில் ஒரு முறை எனச் செய்யும்போதுதான் குழந்தை உருண்டு விழுவதும், கை கழுவ மறப்பதும், கவனிக்க வேண்டிய அறிகுறி கண்ணில் படாமல் போவதும் நேர்கின்றன.

இக்கட்டுரை, மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் போன்ற கடற்கரை ஊர்களின் வீடுகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். நடுவே ஓர் அறையும் சமையல் மூலையும் கொண்ட சிறு வீடு. கடலுக்குச் செல்லும் தந்தை, உப்பளத்திலோ மீன் விற்பனையிலோ பாடுபடும் பெண்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. இத்தகைய வீட்டில் தனியறையோ விலையுயர்ந்த மேசையோ வைக்க இடமிராது. அவை தேவையும் இல்லை. தரையில் ஒரு பாய், அருகில் ஒரு கூடை, மேலே பகல் வெளிச்சம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

தரையே பாதுகாப்பான இடம்

கடைகளில் விற்கப்படும் துணி மாற்றும் மேசைகள், தரையில் அமர்ந்து பழகாத நாடுகளின் வழக்கத்திலிருந்து வந்தவை. நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு அவை வசதியானவைதான். ஆனால் உயரம் இருக்கும் இடத்தில் விழும் ஆபத்தும் இருக்கிறது. குழந்தை உருளத் தொடங்குவது பொதுவாக நான்காம் மாதத்தையொட்டி என்றாலும், அதற்கு முன்பே காலை உந்தி நகரக்கூடும். நேற்றுவரை புரளாத குழந்தை இன்று முதன்முறையாகப் புரளும் என்பதை யாரும் முன்கூட்டி அறிய முடியாது. தரையில் விரித்த பாயில் கிடக்கும் குழந்தை புரண்டாலும் விழ வழியில்லை. நம் வீடுகளில் வழிவழியாக வந்த பழக்கம் இந்த ஒன்றில் மேசையைவிட மேலானது.

கோரைப்பாயை விரித்து, அதன்மேல் மடித்த போர்வை ஒன்றையும், அதன்மேல் ரப்பர் ஷீட்டையும், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய பருத்தித் துணியையும் இடுங்கள். ரப்பர் ஷீட்டின் மீது குழந்தையின் தோல் நேரடியாகப் படலாகாது. வியர்வை தேங்கி வேர்க்குரு வரும். மேல்துணியை நனையும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம்.

அடுப்பும் குடிதண்ணீர்க் குடமும் இருக்கும் மூலையிலிருந்து பாய் விலகியிருக்கட்டும். ஆட்கள் தாண்டிப் போகும் வழியில் அது கிடக்க வேண்டாம். சாம்பிராணிப் புகை குழந்தையின் மூச்சுக்குழாயை உறுத்தும். அந்தச் சட்டியும் அருகில் இருக்கலாகாது. வேலை முடிந்ததும் பாயைச் சுருட்டி நிறுத்திவிட்டால் ஈரமும் எறும்பும் சேரா.

சிசேரியன் அறுவை நடந்த தாய்க்குத் தரையில் அமர்ந்து எழுவது முதல் சில வாரங்களுக்குக் கடினம். அந்நாள்களில் கணவரோ ஆயாவோ அத்தையோ இப்பொறுப்பை ஏற்றுக்கொள்வது நல்லது. தாயே செய்ய வேண்டிய நேரத்தில், சுவரோடு ஒட்டிய கட்டிலின் நடுவில் குழந்தையைக் கிடத்தி, ஒரு கை எப்போதும் அதன் மார்பின் மேல் இருக்குமாறு செய்யலாம். வாசலில் யாரேனும் அழைத்தாலும், கைப்பேசி ஒலித்தாலும், அந்தக் கையை எடுக்கலாகாது. போக வேண்டியிருந்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

வெளிச்சம் ஏன் வேண்டும்?

துணி மாற்றும் இடம் குழந்தையின் உடலைத் தலை முதல் கால் வரை பார்க்கும் இடமும் ஆகும். நிறங்களைச் சரியாகக் காணப் பகல் வெளிச்சமே சிறந்தது. ஆகவே பகல் நேரங்களில் சன்னல் அல்லது வாசல் அருகே, வெயில் நேரடியாக விழாத இடத்தில் பாயை விரியுங்கள். இரவில் வெள்ளை விளக்கு எரியட்டும்.

பிறந்த முதல் இரண்டு மூன்று நாள்களில் மலம் கரும்பச்சை நிறத்தில் பிசுபிசுப்பாக இருக்கும். பின்னர் பச்சை கலந்து, ஒரு வாரத்திற்குள் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கடுகை அரைத்ததுபோல் மஞ்சளாக, நெகிழ்வாக மாறும். இது வயிற்றுப்போக்கு அன்று. முதல் சில நாள்களில் துணியில் செங்கல் தூள் போன்ற இளஞ்சிவப்புக் கறை தெரிவதும், பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் ஓரிரு சொட்டு இரத்தமோ வெண்ணிறக் கசிவோ காண்பதும் பெரும்பாலும் இயல்பே. ஆனால் ஐந்தாம் நாளுக்குப் பிறகும் செங்கல் நிறக் கறை தொடர்ந்தால், பால் போதவில்லை என்று பொருள் கொள்ளலாம்.

மலம் வெளிறி, சுண்ணாம்பு போலவோ களிமண் போலவோ இருந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் செல்லும் குழாய் அடைபட்டிருப்பதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். அக்குழந்தைகளின் சிறுநீர் அடர்மஞ்சளாகித் துணியில் கறை படியும். கண்களின் மஞ்சள் இரண்டு வாரம் கடந்தும் நீங்காது. இந்நோய்க்கு ஜப்பானிய அறுவை மருத்துவர் மொரியோ கசாய் 1950-களில் ஓர் அறுவை முறையை உருவாக்கினார். அது பிறந்த 60 நாள்களுக்குள் செய்யப்பட்டால் பலன் கூடுதலாக இருக்கும். தாமதமானால் கல்லீரல் பாதிக்கப்பட்டுக்கொண்டே போகும். குழந்தை பால் குடித்துக்கொண்டு, எடை கூடிக்கொண்டு, நலமாகவே தோன்றும் அந்த வாரங்களில் நோயைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் துணியில் தெரியும் நிறம்தான். தைவான் நாட்டில் 2004 முதல் நாடு முழுவதும் பெற்றோருக்கு மலத்தின் நிறங்களைக் காட்டும் அட்டை வழங்கப்பட்டு, இந்நோய் முன்னதாகக் கண்டறியப்பட வழி ஏற்பட்டது. அந்த அட்டை நம் கையில் இல்லாவிட்டாலும், வெளிச்சத்தில் ஒருமுறை உற்றுப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கலாம். ஐயம் எழுந்தால் அந்தத் துணியையோ அதன் ஒளிப்படத்தையோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

எண்ணிக்கையும் முக்கியம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 6 முறையேனும் சிறுநீர் கழித்தால் குழந்தைக்குப் பால் போதுகிறது என்று கொள்ளலாம். டயப்பருக்குள் இருக்கும் உறிஞ்சு பொருள் சிறுநீரைக் கூழாக்கி அடக்கிவிடுவதால், எத்தனை முறை நனைந்தது என்பது தெரிவதில்லை. ஆகவே முதல் மாதத்தில் பகல் வேளையில் பருத்தித் துணியும், இரவிலும் மருத்துவமனைப் பயணத்திலும் டயப்பரும் பயன்படுத்துவது கணக்குக்கும் உதவும், செலவையும் குறைக்கும்.

கூடைக்குள் இருக்க வேண்டியவை

துணி மாற்றும் நேரத்தில் ஒரு பொருளுக்காக எழுந்து போவதுதான் பெரும்பாலான விபத்துகளின் தொடக்கம். தேவையானவை அனைத்தும் உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்ட வேண்டும். தமிழக அரசு மருத்துவமனைகளில் 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் ஒரே பையில் வைத்துத் தரப்பட்டன. துண்டு, சிறு படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, தாய்க்குக் கை கழுவும் திரவம் முதலியவை அவற்றுள் அடங்கும். அத்தகைய பெட்டகம் உங்களிடம் இருந்தால் அதுவே நல்ல தொடக்கம். இல்லையெனில் மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை ஒன்றில் பின்வருவனவற்றை அடுக்கிக்கொள்ளுங்கள்:

• துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணிகள் அல்லது டயப்பர்கள், அரை நாளுக்குப் போதுமானவை
• துடைப்பதற்கு மென்மையான சிறு துணித்துண்டுகள் அல்லது பஞ்சு
• கொதிக்கவைத்து ஆறிய நல்ல தண்ணீர், மூடியுள்ள பாத்திரத்தில்
• மருத்துவர் பரிந்துரைத்த துத்தநாக ஆக்ஸைடு களிம்பு அல்லது தேங்காய் எண்ணெய்
• ஒரு மாற்று உடை
• அழுக்குத் துணிக்கு மூடியுள்ள வாளி, கூடைக்கு வெளியே

முகப்பவுடர் இப்பட்டியலில் இல்லை. அந்த நுண்தூளைக் குழந்தை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குக் கேடு. ஊக்குகளும் மருந்துப் புட்டிகளும் பிளாஸ்டிக் பைகளும் கூடையில் வேண்டாம். தவழும் வயதில் குழந்தை முதலில் கைவைப்பது அந்தக் கூடையில்தான்.

மாற்றும் முறை

முதலில் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். உப்பளத்திலிருந்து வந்த கையிலும், வலையும் மீனும் தொட்ட கையிலும் கண்ணுக்குத் தெரியாத உப்பும் செதிலும் ஒட்டியிருக்கும். பச்சிளம் தோலுக்கு அவை உறுத்தல். உப்பு வேலையால் விரல்கள் வெடித்திருப்பவர்கள் கழுவிய பின் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் தங்கள் கைக்கும் நல்லது, குழந்தைக்கும் உராய்வு இராது.

அழுக்குத் துணியை அவிழ்த்து, அதன் சுத்தமான நுனியால் மலத்தை முன்னிருந்து பின்னாகத் துடைத்தெடுங்கள். பிறகு நனைத்துப் பிழிந்த துணியால், பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குள் செல்லாமலிருக்க இதுவே வழி. ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்குத் தள்ள முயல வேண்டாம். கால்களைப் பிடித்து உயரத் தூக்குவதைவிட, குழந்தையை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்துத் துணியை உருவுவது எளிது.

அதன் பின் ஒற்றி உலர விடுங்கள். தொடை மடிப்புகளும், அரைஞாண் கயிறு படும் இடமும் ஈரமாகவே விடுபடுவது வழக்கம். கயிற்றின் அடியில் தேங்கும் ஈரமும் அழுக்கும் புண்ணை உண்டாக்கும். அதை விலக்கித் துடையுங்கள். இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள். தொப்புள்கொடி விழும்வரை டயப்பரின் மேல் விளிம்பைக் கொடிக்குக் கீழே மடித்து விடுங்கள். கொடியின்மேல் மஞ்சளோ சாம்பலோ எண்ணெயோ வைக்கலாகாது. கால்களை நேராக நீட்டி இறுகச் சுற்றும் பழக்கம் இடுப்பு மூட்டின் வளர்ச்சிக்குத் தீங்கானது. தவளையைப் போல் முழங்கால் மடங்கி, தொடை விரிந்திருக்க இடம் விட்டே துணியைக் கட்ட வேண்டும்.

மலம் கழித்தால் உடனே, சிறுநீர் மட்டும் என்றால் 2 முதல் 3 மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களின் புழுக்கத்தில் ஒவ்வொரு மாற்றத்திற்கும் இடையே சில நிமிடங்கள் குழந்தையைத் துணியின்றி விடுவது, எந்தக் களிம்பும் தராத நலனைத் தோலுக்குத் தரும். சிவந்து தடித்த புண் மூன்று நாள்களில் ஆறாவிட்டாலோ, மடிப்புகளுக்குள் அடர்சிவப்பும் அதைச் சுற்றிச் சிறு சிறு பொட்டுகளும் தெரிந்தாலோ பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அதை மோசமாக்கும். மருத்துவரைக் காணுங்கள்.

துணியும் தண்ணீரும்

கடற்கரை ஊர்களில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்புக் கரிக்கிறது. உப்புத் தண்ணீரில் அலசிய துணியில் உப்பு தங்கிவிடும். உப்பு காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது என்பதால், காய்ந்ததுபோல் தோன்றும் துணியும் மாலையில் கசகசவென்று ஈரமாகிவிடும். எனவே துவைப்பது எந்தத் தண்ணீரில் ஆனாலும், கடைசி அலசலை மட்டுமாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள். வாசனைத் திரவங்களும் கிருமிநாசினிகளும் வேண்டாம். அவற்றின் மிச்சம் தோலை எரிக்கும். கொடியில் வெயில் படும்படி உலர்த்துங்கள். மழை நாள்களில் இஸ்திரி போட்டு மிச்ச ஈரத்தை அகற்றுங்கள்.

பெட்டியில் பல ஆண்டுகள் வைத்திருந்த பழைய வேட்டியையும் புடவையையும் கிழித்துக் குழந்தைக்குப் பயன்படுத்துவது நல்ல வழக்கமே. அவற்றின் மென்மை புதுத்துணிக்கு வராது. ஆனால் அந்தப் பெட்டியில் அந்துருண்டை போட்டிருந்தால் எச்சரிக்கை தேவை. அந்துருண்டையில் உள்ள நாப்தலீன், பிறவியிலேயே ஒரு குறிப்பிட்ட நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கவல்லது. உங்கள் குழந்தைக்கு அக்குறை இருக்கிறதா என்பது பார்த்தால் தெரியாது. ஆகவே அத்துணிகளைக் குழந்தைக்குப் பயன்படுத்தாமலிருப்பதே நல்லது. இனி குழந்தைத் துணி வைக்கும் பெட்டியில் அந்துருண்டையைப் போடவே வேண்டாம்.

கழிவை எங்கே சேர்ப்பது?

“பச்சைப் பிள்ளையின் மலத்தில் அசுத்தம் ஏது?” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அன்பினால் வரும் சொல் அது, ஆனால் உண்மையன்று. குழந்தையின் மலத்திலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கின்றன. அதைக் கழிவறையில் கொட்டி நீர் ஊற்ற வேண்டும். கடற்கரை மணலிலோ, வாய்க்காலிலோ, கொல்லையிலோ எறியலாகாது. அங்கேதான் மற்றப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். டயப்பரிலுள்ள மலத்தையும் முதலில் கழிவறையில் உதறிவிட்டு, டயப்பரை உருட்டி, அதன் ஒட்டுப்பட்டையால் மூடி, தாளில் பொதிந்து குப்பைத் தொட்டியில் சேர்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே பயன்படுத்திய டயப்பரைப் பொதிந்து தரும்படி வலியுறுத்தின. தூய்மைப் பணியாளர் அதைக் கையால் எடுக்கிறார் என்பதை மறவாதீர்கள். கழிவறைக் குழிக்குள் டயப்பரைப் போட்டால் அடைப்பு நிச்சயம்.

எல்லாம் முடிந்த பின் மீண்டும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். முதற்கழுவலைவிட இது முக்கியமானது. சமையலும் பாலூட்டலும் இதே கைகளால்தான் நடக்கின்றன.

புயல் நாளுக்கும் ஒரு கூடை

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டம் கண்ட மழையை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வீட்டை விட்டுப் பாதுகாப்பு மையத்திற்குச் செல்ல வேண்டிய நிலை எப்போதும் வரலாம். மேசையும் அலமாரியும் உடன் வரா. பாயும் கூடையும் வரும். ஐப்பசி பிறந்ததும் கூடையில் மூன்று நாளுக்கான டயப்பர்கள், சோப்பு, ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை, இரண்டு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், குழந்தையின் தடுப்பூசி அட்டை ஆகியவற்றைச் சேர்த்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். கூட்டமான இடத்தில் ஒரு மூலையில் பாயை விரித்து, கூடையை அருகில் வைத்தால், வீட்டில் பழகிய ஒழுங்கு அங்கும் தொடரும்.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவை

• வெளிறிய மலம்; மலத்தில் இரத்தம்
• 24 மணி நேரத்தில் 6 முறைக்கும் குறைவான சிறுநீர், அல்லது 8 மணி நேரமாகச் சிறுநீரே இல்லாமை
• நீர் போன்ற மலம் மீண்டும் மீண்டும் போதல், உச்சிக்குழி உள்வாங்குதல், வாய் உலர்தல்
• உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவிய மஞ்சள் நிறம்
• தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ், துர்நாற்றம்
• காய்ச்சல், உடல் சில்லிட்டுப் போதல், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல்

ஐயங்களுக்கு உங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரையோ 104 மருத்துவ ஆலோசனை எண்ணையோ அணுகலாம். அவசர நிலையில் 108-ஐ அழையுங்கள்.

துணி மாற்றுவது தாயின் வேலை மட்டும் அன்று. கடலிலிருந்து திரும்பிய தந்தை கை கழுவி வந்து பாயின் அருகே அமர்ந்தால், தாய்க்கு அரைமணி நேர உறக்கம் கிடைக்கும். கூடை எங்கே, துணி எங்கே என்று அவர் கேட்டு அவளை எழுப்ப வேண்டியதில்லை. வீட்டில் உள்ள எவரும் வந்து அமர்ந்து செய்யும்படி அமைந்திருப்பதே அந்த இடத்தின் முதற்பயன்.